மூலநிரல் பகுப்பாய்வுக் கருவிகளில் அறிவிப்பு விதியும் நிரல் விதியும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கணினி நிரலை இயக்காமலேயே அதன் மூலவரிகளைப் படித்துப் பிழைகளைச் சுட்டும் மென்பொருள், நிலைப்பகுப்பாய்வுக் கருவி எனப்படும். எது பிழை என்பதை அதற்கு உணர்த்துபவை விதிகள். கண்டறிய வேண்டியது எது என்பதை மட்டும் கூறி, தேடும் பணியைக் கருவியிடமே விட்டுவிடுவது அறிவிப்பு விதி. எவ்வாறு தேடுவது என்பதையும் படிப்படியாக எழுதித் தருவது நிரல் விதி. முன்னது எளியது, பின்னது ஆற்றல் மிக்கது என்பது பரவலான கருத்து. அக்கருத்தின் பொருத்தப்பாட்டை இவ்விரு முறைகளின் வரலாற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடக்கக் காலம்

பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஜான்சன் 1970களில் உருவாக்கிய இரு கருவிகள் இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்கின்றன. யாக் என்பது, மொழியின் இலக்கணத்தை விதிகளாக எழுதித் தந்தால் அம்மொழிக்கான பகுப்பியை உருவாக்கித் தரும் கருவி. லிண்ட் என்பது சி மொழி நிரல்களில் ஐயத்திற்குரிய இடங்களைச் சுட்டும் கருவி. முன்னதில் அறிவிப்பு முறையைக் கையாண்ட ஜான்சன், பின்னதில் சோதனைகளை நிரலாகவே அமைத்தார். பயனர் சில சோதனைகளை நிறுத்திவைக்கலாம். புதியதொன்றைச் சேர்க்க வேண்டுமெனில் கருவியின் மூலநிரலையே திருத்த வேண்டும். விதியியற்றும் வாய்ப்பு கருவியை ஆக்கியோரிடமே தங்கியிருந்தது.

விதியியற்றுவோர் விரிவு

2000ஆம் ஆண்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டாசன் எங்லரும் அவர்தம் மாணவரும் வெளியிட்ட ஆய்வு இந்நிலையை மாற்றியது. நிலைமாற்றப் பொறி வடிவில் விதிகளை எழுத, மெட்டல் என்னும் சிறுமொழியை அவர்கள் வகுத்தனர். பெரும்பாலான விதிகள் நூறு வரிகளுக்கு உட்பட்டவை. சோதிக்கப்பட்ட அமைப்புகளைக் குறைவாகவே அறிந்தோர் எழுதிய அவ்விதிகள், லினக்ஸ் உள்ளிட்ட அமைப்புகளில் ஏறத்தாழ 500 பிழைகளைக் கண்டறிந்தன.

2002இல் தோன்றிய பி.எம்.டி. கருவி இரு முறைகளையும் அருகருகே வைத்தது. அதில் விதியை ஜாவா நிரலாகவும் எழுதலாம். தொடரியல் மரத்தின்மீது எக்ஸ்பாத் வினவலாகவும் எழுதலாம். வெற்றாக விடப்பட்ட விதிவிலக்குப் பிடிப்புத் தொகுதியைக் கண்டறியச் சில வரி வினவலே போதும். ஆயின் இச்சுருக்கத்திற்கு ஒரு விலை உண்டு. 2024இல் வெளியான அதன் ஏழாம் பதிப்பில் ஜாவா தொடரியல் மரத்தின் அமைப்பு மாறியது. மரக்கணுவின் பெயர் மாறினால் ஜாவாவில் எழுதிய விதி தொகுக்கப்படாமல் நின்று பிழையை அறிவித்துவிடும். எக்ஸ்பாத் விதியோ, இல்லாத பெயரைத் தேடி, எதையும் காணாது அமைதியாக இருந்துவிடக்கூடும். அவ்வமைதி நிரலின் தூய்மையாகத் தவறிப் புரிந்துகொள்ளப்படும்.

வடிவமும் ஓட்டமும்

2014இல் வெளிப்பட்ட இரு பாதுகாப்புப் பிழைகள் இவ்வேறுபாட்டை விளக்குகின்றன. பிப்ரவரியில் ஆப்பிள் மென்பொருளில் அறியப்பட்ட பிழையில், ‘கோட்டு’ கூற்று ஒன்று இருமுறை எழுதப்பட்டதால் கையொப்பச் சரிபார்ப்பு தாண்டிச் செல்லப்பட்டது. நிபந்தனையற்ற தாவலை அடுத்து, அடையாளப்பெயர் இல்லாத வேறொரு கூற்று வருவது அதன் வடிவம். மரத்தின்மீதான எளிய வினவலே அதைப் பிடித்துவிடும். ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் அறியப்பட்ட ஹார்ட்பிளீட் பிழை வேறுவகையினது. வெளியிலிருந்து வந்த செய்தி கூறிய நீளம் சரிபார்க்கப்படாமலேயே நினைவக நகலெடுப்பில் பயன்பட்டது. அங்குத் தனித்தனி வரிகளின் வடிவில் குற்றமில்லை. மதிப்பு ஒன்று பிறந்த இடத்திலிருந்து பயன்படும் இடம்வரை தொடரப்பட வேண்டும்.

இத்தகைய தேவைக்கு நிரல் விதியே வழி என்னும் முடிவையும் வரலாறு முழுமையாக ஏற்கவில்லை. ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ஊகே டி மோர் 2006இல் நிறுவிய செம்மில் நிறுவனம், டேட்டாலாக் மரபிலான வினவல் மொழியை உருவாக்கியது. 2019இல் கிட்ஹப் அந்நிறுவனத்தை வாங்கியது. அத்தொழில்நுட்பம் இன்று கோட்கியூஎல் எனப்படுகிறது. அதில் தரவு ஓட்டப் பகுப்பாய்வு நூலகமும் அவ்வறிவிப்பு மொழியிலேயே எழுதப்பட்டுள்ளது. எனினும் மூலநிரலிலிருந்து தகவல்களைப் பிரித்தெடுக்கும் பகுதியும், வினவலை மதிப்பிடும் பொறியும் நிரல்களே.

முடிவுரை

அறிவிப்பு விதியின் எளிமை அதன் அடியில் இயங்கும் நிரலால் தாங்கப்படுவது. மரத்தை மட்டும் தரும் கருவியில் அவ்விதி வடிவத்தைக் கடந்து செல்வது அரிது. ஓட்டத்தையும் தரும் கருவியில் அதன் எல்லை விரிகிறது. எனவே முறையைத் தேர்வோர், எது எளியது என்பதற்கு முன்பாக, விதிக்கு வேண்டிய சான்று வடிவமா ஓட்டமா என்பதையும், அச்சான்றைக் கருவி தருகிறதா என்பதையும் ஆராய்தல் வேண்டும். அறிவிப்பு விதியைத் தேர்ந்தால், அது கட்டாயம் பிடிக்க வேண்டிய பிழைநிரல் ஒன்றையும் சோதனையாக உடன் வைத்தல் இன்றியமையாதது. விதியின் மௌனத்திற்குப் பொருள் பிழையின்மையா, விதியின் செயலிழப்பா என்பதை அச்சோதனை பிரித்துக்காட்டும்.