ஈ-டைப்பா, 911-ஆ?

கார் பைத்தியம் ரெண்டு பேர் சேர்ந்தா இந்தச் சண்டை வராம எழுந்திருக்க மாட்டாங்க. நான் ரொம்ப வருஷமா ஜாகுவார் கட்சி. காரணம் சொல்றேன்.

1961 மார்ச், ஜெனீவா கார் கண்காட்சி. ஜாகுவார் ஈ-டைப் அறிமுகம். ஓட்டிப் பார்க்க வந்த கூட்டத்துக்கு இருந்த வண்டி பத்தலை. இங்கிலாந்தின் கவென்ட்ரியிலிருந்து இன்னொன்றை ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார் சோதனை ஓட்டுநர் நார்மன் டெவிஸ். உடம்பை வடிவமைத்த மால்கம் சேயர், முன்பு விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவர். 3.8 லிட்டர், 265 குதிரைத்திறன், மணிக்கு 240 கி.மீ. என்றது கம்பெனி. விலை சுமார் 2,000 பவுண்டு. ஃபெராரிக்கு இதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல அழணும்!

ரெண்டு வருஷம் கழிச்சு, 1963-ல், ஃபிராங்க்ஃபர்ட்டில் போர்ஷே 901. நடுவில் பூஜ்யம் வரும் பெயர்கள் எங்களுடையவை என்று பெஜோ ஆட்சேபித்ததால் 911 ஆனது. 2 லிட்டர், வெறும் 130 குதிரைத்திறன். போதாக்குறைக்கு எஞ்சின் பின் சக்கரத்துக்கும் பின்னாடி. வளைவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரை விட்டால் வால் முந்திக்கொண்டு வரும்.

யார் ஜெயிச்சிருக்கணும்? நம்மாளுதானே?

நடந்தது வேற. அமெரிக்க விதிகளால் 1967-லேயே ஈ-டைப்பின் ஹெட்லைட் கண்ணாடி மூடி போச்சு. 1971-ல் 5.3 லிட்டர் வி-12 எஞ்சின் வந்து உடம்பு பெருத்தது. 1974-ல் உற்பத்தியே நின்றது. மொத்தம் சுமார் 72,000 வண்டிகள்.

போர்ஷேக்காரர்கள் எஞ்சினை இடம் மாற்றவே இல்லை. 1969 மாடலில் பின் சக்கரங்களை 57 மி.மீ. பின்னால் தள்ளினார்கள். 1973 கரேரா ஆர்.எஸ்.ஸில் வாத்து வால் மாதிரி ஒன்றைப் பின்னாடி ஒட்டினார்கள். அவர்களே ஒரு கட்டத்தில் சலித்துப்போய் 911-ஐ நிறுத்த முடிவு செய்தார்கள். 1981-ல் தலைவராக வந்த பீட்டர் ஷுட்ஸ், எஞ்சினியர் ஹெல்முத் போட்டின் அறைச் சுவரில் உற்பத்தித் திட்டப் படத்தைப் பார்த்தார். 911-க்கான கோடு அந்த வருஷத்தோடு முடிந்திருந்தது. பேனாவை எடுத்து, படத்தைத் தாண்டி சுவர் வரைக்கும் கோட்டை இழுத்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். 2017-ல் பத்து லட்சமாவது 911 வெளிவந்தது.

1996-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் ஒரு ஈ-டைப்பைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. சிலைக்குரிய மரியாதை. முதல் நாளே அவ்வளவு அழகா பிறந்த வண்டியில அப்புறம் கைவச்சதெல்லாம் கெடுத்ததாத்தான் முடிஞ்சது. 911-ல குறை இருந்தது, அதனால வருஷா வருஷம் செய்ய வேலையும் இருந்தது.

கட்சி மாறிட்டியான்னு கேக்காதீங்க. கனவுல ஓட்டுறதுக்கு எனக்கு இன்னிக்கும் ஈ-டைப்தான். ஆனா வாதத்துல தோத்துட்டேன் :-)