துண்டு போட்ட சீட்டும் முன்பதிவு டிக்கெட்டும்

உங்கள் பென்சில் டப்பாவின் மூடியை வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். பெயர் முடிகிற இடத்தில் எறும்புத் தலை அளவுக்கு ஏதாவது குறி தெரிகிறதா? சில பொருட்களில் அது 'டி.எம்.' என்ற இரண்டு ஆங்கில எழுத்து. சிலவற்றில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் 'ஆர்' என்ற ஒற்றை எழுத்து. பிஸ்கட் உறை, சோப்பு, பற்பசை என்று வீட்டுக்குள் தேடினால் பத்து நிமிடத்தில் இரண்டையும் கண்டுபிடித்துவிடலாம். பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சொல்லும் சேதி வேறு வேறு.

இரண்டுமே ஒட்டிக்கொண்டிருப்பது வணிகச் சின்னத்தின் மேல். ஒருவர் செய்த பொருளை இன்னொருவர் பொருளிலிருந்து பிரித்துக் காட்டுகிற பெயர், படம், எழுத்து வடிவம் எல்லாம் வணிகச் சின்னம்தான். நம் பாட்டிமார் அதை 'மார்க்' என்றார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் கடையில் படத்தைச் சொல்லியே சரியான பாக்கெட்டைக் கேட்டு வாங்க முடிந்தது இதனால்தான். ஓசையும் சின்னமாகலாம். யாஹூ நிறுவனத்தின் கூவல் ஒலி இந்தியாவில் 2008இல் பதிவானது. கட்டடமும் ஆகலாம். மும்பை தாஜ் மகால் பேலஸ் ஓட்டலின் தோற்றம் 2017இல் பதிவானது.

இனி அந்த இரண்டு குறிகளுக்கு வருவோம். திருவிழா முடிந்து பஸ் ஏறும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிக்கிறார். அதுதான் டி.எம். 'இந்தப் பெயர் என்னுடையது' என்று அவரே சொல்கிறார். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். இன்றைக்கு ஒரு பெயர் வைத்து இன்றைக்கே அதன் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம்.

வட்டத்துக்குள் இருக்கும் ஆர், முன்பதிவு செய்த டிக்கெட். சீட் எண் அச்சடித்துக் கையில் இருக்கிறது. அதைப் பெற நம் நாட்டில் வணிகச் சின்னப் பதிவகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, அகமதாபாத் ஆகிய ஐந்து ஊர்களில் அதன் அலுவலகங்கள் இருக்கின்றன. அதிகாரி ஆராய்ந்து ஏற்றுக்கொண்டதும் பதிவகத்தின் இதழில் அந்தச் சின்னத்தை வெளியிடுவார்கள். மறுப்பு இருந்தால் சொல்ல மற்றவர்களுக்கு நான்கு மாதம் அவகாசம். அதையும் கடந்த பிறகே சான்றிதழ். சான்றிதழ் வரும் முன்பே வட்டத்தைப் போட்டுக்கொள்வது சட்டப்படி தவறு. டிக்கெட் இல்லாமலே இருப்பதாகச் சொல்வது அல்லவா அது!

சண்டை வந்தால்தான் வித்தியாசம் முழுதாகத் தெரியும். துண்டு போட்டவர், 'நான்தான் முதலில் போட்டேன், இதோ இவர் பார்த்தார்' என்று சாட்சி தேட வேண்டும். டி.எம். வைத்திருப்பவரும் அப்படித்தான். எத்தனை வருடமாக விற்கிறார், மக்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் இவரைத்தான் நினைக்கிறார்களா என்பதையெல்லாம் பில், விளம்பரம் காட்டி நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். வட்ட ஆர் வைத்திருப்பவர் சான்றிதழை எடுத்து நீட்டினால் வாதம் அங்கிருந்தே தொடங்கும்.

ஆனால் பஸ் உதாரணம் ஓர் இடத்தில் பொருந்தாது. உண்மையிலேயே நெடுங்காலமாக ஒரு பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தி வருபவரை, பின்னால் வந்து பதிவு செய்தவர் விரட்ட முடியாது. 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 34ஆம் பிரிவு அவரைக் காக்கிறது. பழைய துண்டு புது டிக்கெட்டை மறிக்கும் இந்த இடம்தான் எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்தது.

டிக்கெட்டுக்கும் எல்லை உண்டு. பொருட்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். பென்சில் 16ஆம் வகுப்பு, பொம்மை 28. எந்த வகுப்பில் கேட்டீர்களோ அந்த வகுப்புக்கே பதிவு. அது பத்தாண்டு செல்லும். பிறகு கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

இரண்டு குறிக்கும் பொதுவான ஆபத்து ஒன்று இருக்கிறது. 'ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா' என்று வீட்டில் சொல்கிறார்களே, ஜெராக்ஸ் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர். நம் வாயில் அது நகலெடுப்பதற்கே பெயராகிவிட்டது. இப்படிப் பொதுச்சொல்லாகிவிட்டால் உரிமை போய்விடலாம். நகரும் படிக்கட்டைக் குறிக்கும் 'எஸ்கலேட்டர்' ஒரு காலத்தில் ஓட்டிஸ் நிறுவனத்தின் சின்னம். 1950இல் அமெரிக்காவில் அந்த உரிமை பறிபோனது.

என் அத்தை இருபது வருடம் அப்பளம் போட்டு, தான் வைத்த பெயரில் விற்றார். ஒரு நாள் அதே பெயரில் வேறொருவரின் பாக்கெட் கடையில் தொங்கியது. அத்தையிடம் பழைய பில்கள் இல்லை, விளம்பரமும் கொடுத்ததில்லை. 34ஆம் பிரிவு இருப்பதை அவருக்குச் சொல்லவும் ஆள் இல்லை. பெயரை மாற்றிக்கொண்டார்.

உங்கள் வீட்டில் அம்மாவோ சித்தியோ மாமாவோ தன் பெயர் போட்டு எதையாவது விற்கிறார்களா? இன்று மாலை அவர்களிடம் சொல்லுங்கள்: தனிநபர் இணையம் வழியாக விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். பழைய பில்களையும் தூக்கிப் போடாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.