ம. கோ. இராமச்சந்திரனின் திரைச் சண்டைகள்

ம. கோ. இராமச்சந்திரன் (எம். ஜி. ஆர்., 1917–1987) சிலம்பம், வாள்வீச்சு ஆகியவற்றைத் திரையில் நிகழ்த்திப் புகழ் பெற்ற தமிழ்த் திரைப்பட நடிகரும் 1977 இல் தமிழக முதலமைச்சரானவரும் ஆவார்.

இலங்கையின் நாவலப்பிட்டியில் பிறந்தார். தந்தையின் மறைவுக்குப் பின் இவரது குடும்பம் கும்பகோணத்தில் குடியேறியது. அங்கு ஆனையடிப் பள்ளியில் சிறிது காலம் பயின்றார். வறுமை காரணமாகச் சிறுவயதிலேயே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். முதல் திரைப்படம் சதி லீலாவதி (1936).

நாடோடி மன்னன் (1958) போன்ற அரச கதைகளில் வாட்சண்டையே முதன்மை பெற்றது. எதிரி பெரும்பாலும் எம். என். நம்பியார். சமூகப் படங்களில் வாளின் இடத்தைக் கம்பு பிடித்தது. பெரிய இடத்துப் பெண் (1963) படக்கதையில் சிலம்பப் போட்டி முக்கிய திருப்பமாகும். ரிக்சாக்காரன் (1971) படத்தில் ரிக்சாவில் இருந்தபடியே கம்பு சுற்றிப் போரிடுவார். அப்படத்திற்காகச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது பெற்றார். எனினும் இரசிகர் நினைவில் நிலைத்தது அச்சண்டையே எனலாம். ஊர்த் திருவிழாக்களில் ஆடப்பட்டுவந்த சிலம்பத்தை நகரத்துத் திரையரங்குகளுக்குக் கொண்டுசென்றதில் இவரது படங்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

1959 இல் சீர்காழியில் இன்பக்கனவு நாடகம் நடந்தபோது, பருத்த உடலினரான நடிகர் குண்டுமணியைத் தூக்கும் காட்சியில் இவரது கால் முறிந்தது. 1967 இல் எம். ஆர். ராதா சுட்டதில் தொண்டையில் குண்டு பாய்ந்து குரல் மாறியது. இவ்விரண்டிற்குப் பின்னரும் சண்டைக் காட்சிகளைக் கைவிடவில்லை. உழைக்கும் கரங்கள் (1976) படத்தில், ஏறத்தாழ அறுபது வயதில், மான்கொம்புச் சண்டை செய்தார்.