அடோபோ காத்திருக்கும், சினிகாங் காத்திருக்காது

2021 ஜூலையில் பிலிப்பைன்ஸ் அரசின் வர்த்தக, தொழில் துறை அடோபோ என்ற இறைச்சி உணவுக்கு ஒரு தரநிலை வகுக்கப்போவதாக அறிவித்தது. நாடே பொங்கிவிட்டது. என் அம்மாவின் அடோபோவை அளக்க அரசாங்கம் யார் என்று கேட்டார்கள். வெளிநாடுகளில் அறிமுகப்படுத்த ஓர் அடிப்படைச் செய்முறை மட்டுமே இது, வீட்டு அடுப்புகளைக் கட்டுப்படுத்தாது என்று துறை விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. தரநிலைக்காக அடுத்து வரிசையில் நின்றவற்றில் சினிகாங் என்ற புளிப்புச் சாறும் ஒன்று.

இரண்டும் புளிப்பானவை, இரண்டும் சோற்றோடு உண்பவை, இரண்டும் ஓட்டலைவிட வீட்டுக்கே உரியவை. ஆனால் வீட்டுக்குள் அவை செய்யும் வேலை வேறு வேறு.

அடோபோவின் புளிப்பு வினிகரிலிருந்து வருகிறது. கோழியோ பன்றியோ, பல வீடுகளில் இரண்டும் சேர்ந்தோ, வினிகர், சோயா சாஸ், தட்டிய பூண்டு, முழு மிளகு, பிரிஞ்சி இலையோடு அடுப்பேறும். வினிகர் ஊற்றியபின் ஒரு கொதி வரும்வரை மூடாதே, கிளறாதே என்பது பாட்டிமார் விதி. மூடாவிட்டால் அந்தப் பச்சை நெடி ஆவியாகப் போய்விடும், சரிதான். கிளறாதே என்பதைக் காரணம் கேட்காமலே கடைப்பிடிக்கிறார்கள். பிறகு நீர் வற்றி, கொழுப்பு பிரிந்து, துண்டுகள் அந்தக் கொழுப்பிலேயே வதங்கிச் சிவக்க வேண்டும்.

பெயர் ஸ்பானியர் கொடுத்தது. 1613இல் வெளிவந்த தகாலோக் மொழி அகராதியில் பெத்ரோ தெ சான் புவனவெந்துரா என்ற துறவி இதை 'உள்ளூராரின் அடோபோ' என்று பதிந்திருக்கிறார். சமையல் முறையோ அவர்கள் கப்பல் வருவதற்கு முன்பே இருந்தது. குளிர்பெட்டி இல்லாத வெப்ப நாட்டில் வினிகரும் உப்பும் இறைச்சியைக் கெடாமல் காத்தன. சோயா சாஸ் சீன வணிகர் வழி வந்த சேர்க்கை. அது இல்லாத 'வெள்ளை அடோபோ' இன்றும் உண்டு. பத்தங்காஸில் மஞ்சள் சேர்ப்பார்கள், பிக்கோலில் தேங்காய்ப்பால். இத்தனை முகம் உள்ள ஒன்றுக்கு ஒற்றைத் தரநிலை என்றால் சண்டை வராமல் என்ன செய்யும்?

சினிகாங் ஒரு சாறு. புளிக்காயை வேகவைத்து மசித்து வடிகட்டிய நீர்தான் பரவலான அடிப்படை. ஆனால் புளி மட்டுமே புளிப்பு இல்லை. கொல்லையில் பிலிம்பிக்காய் காய்த்தால் அது, மாங்காய்க் காலத்தில் மாங்காய், இனிப்பு கலந்த புளிப்பு வேண்டுமென்றால் பழுத்த கொய்யா, இலோயிலோ, நெக்ரோஸ் பக்கம் பதுவான் என்ற காய். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் பன்றி விலாவை மெதுவாக வேகவிடுவார்கள். மீனோ இறாலோ என்றால் கடைசியில் போட்டால் போதும். சேப்பங்கிழங்கு முதலில் விழும், அது கரைந்து சாற்றுக்குக் கொஞ்சம் கனம் தரும். பின்னர் முள்ளங்கி, காராமணிக்காய், நீளப் பச்சைமிளகாய். கங்கோங் கீரையை இறக்கும் தறுவாயில் போட வேண்டும். தமிழ் வாசகருக்கு ரசம் நினைவுக்கு வரும். தாளிப்பும் இல்லை, பருப்பும் இல்லை, பொடியும் இல்லை என்பதை மட்டும் மனதில் கொள்ளுங்கள். பொட்டலத்தில் வரும் புளிப்பொடி இன்று நகரத்து வேலையைச் சுருக்கிவிட்டது. அதில் குற்றமில்லை, ஆனால் எந்தப் பருவத்திலும் ஒரே புளிப்பாகிவிடுகிறது.

உணவு எழுத்தாளர் டோரீன் பெர்னாண்டஸ், பிலிப்பைன்ஸ் நாவுக்கு அடையாளம் அடோபோ அல்ல, சினிகாங்தான் என்று வாதிட்டவர். 1988இல் எதில்பெர்தோ அலெக்ரேயோடு சேர்ந்து வெளியிட்ட 'சராப்' தொகுப்பில் அந்தக் கட்டுரை இருக்கிறது. அவர் முடிவோடு நான் ஒத்துப்போகிறேன், என் காரணம் வேறு.

அடோபோவின் சுவையைச் சமைப்பவரே முடித்துவிடுகிறார். எவ்வளவு வினிகர், எவ்வளவு வற்றவிடுவது என்பதெல்லாம் அடுப்படியிலேயே தீர்ந்துவிடும். அதனால்தான் 'எங்கள் வீட்டு அடோபோ' என்ற பெருமையும் பிடிவாதமும். சினிகாங்கில் கடைசிக் கை தட்டுக்காரருடையது. பத்தீஸ் என்ற மீன்சாறு ஒரு கிண்ணத்தில் இருக்கும். ஒருவர் அதில் மிளகாயை நசுக்குவார், இன்னொருவர் கலமன்சி என்ற எலுமிச்சை வகையைப் பிழிவார், மீன் துண்டை அதில் தொட்டுச் சோற்றில் வைப்பார். ஒரே பானையில் ஐந்து பேருக்கு ஐந்து சுவை.

காலக் கணக்கிலும் இரண்டும் எதிரெதிர். அடோபோ மறுநாள் இன்னும் ருசிக்கும். வேலை முடிந்து இரவு தாமதமாக வருபவருக்கு எடுத்து வைக்கலாம். மிஞ்சிய கொழுப்பில் பூண்டு வதக்கிப் பழைய சோற்றைப் பிரட்டினால் காலை உணவும் ஆகிவிடும். சினிகாங் ஆறினால் கீரை கறுத்து முள்ளங்கி குழைந்துவிடும். எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகே கீரையைப் போட வேண்டும்.

எனவே வீட்டில் ஆளாளுக்கு ஒரு நேரம் என்றால் அடோபோ செய்யுங்கள். ஞாயிறு மதியம் அனைவரும் இருக்கும்போது சினிகாங் வையுங்கள், புளிக்காய் கிடைக்காத ஊரில் மாங்காயே போதும்.