உல்ம் முத்திரையும் மியாமித் துப்பாக்கியும்

ஜெர்மன் ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுக்குத் தலைப்பு ஒரே சொல்: ட்ஸுஃபெர்லெஸிக்கைட். நம்பகத்தன்மை. இங்கே வேலை பார்க்கும் எல்லோருக்கும் பழகிய சொல்தான். ரயில் நேரத்துக்கு வருமா, சர்வர் விழாமல் நிற்குமா என்று பேசும்போதெல்லாம் இந்தச் சொல் வந்துவிடும். ஆனால் சட்டத்தின் அந்தப் பிரிவு துப்பாக்கியின் நம்பகத்தன்மையைப் பற்றியது அல்ல. அதை வைத்திருக்க விரும்பும் மனிதரின் நம்பகத்தன்மையைப் பற்றியது. அவர் தண்டனை பெற்றவரா, ஆயுதத்தைப் பொறுப்பாகப் பூட்டி வைப்பாரா, தகுதியில்லாதவர் கையில் கொடுத்துவிடுவாரா என்று அது கேட்கிறது. துப்பாக்கியைச் சோதிப்பதற்குத் தனிச் சட்டமும் தனி அலுவலகமும் உண்டு.

மனிதருக்கு ஒரு சோதனை, பொருளுக்கு ஒரு சோதனை என்ற இந்த ஏற்பாடு ஒழுங்கானது. ஆனால் இதே நாட்டில் வடிவமைக்கப்பட்ட மலிவு விலைக் கைத்துப்பாக்கி ஒன்று இரண்டு சோதனைகளையும் கடக்காமல் வேறொரு நாட்டில் விற்பனையானது. அதன் கதை நம் வாசகர்களிடையே அதிகம் பேசப்பட்டதில்லை.

பொருளின் சோதனையிலிருந்து தொடங்கலாம். ஜெர்மன் பேரரசு 1891 மே 19 அன்று துப்பாக்கிச் சோதனைச் சட்டத்தை இயற்றியது. 1893இல் அது நடைமுறைக்கு வந்தது. இன்று மாநில அரசுகளின் கீழ் உல்ம், சுல், மெல்ரிக்ஸ்டாட், ம்யூனிக், கொலோன் போன்ற ஊர்களில் சோதனை அலுவலகங்கள் இயங்குகின்றன. கைத்துப்பாக்கி என்றால், அந்த வகைத் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தத்தைவிட 30 சதவீதம் அதிக அழுத்தம் தரும் தோட்டாவை வைத்துச் சுடுவார்கள். ரிவால்வராக இருந்தால் உருளையின் ஒவ்வொரு அறையிலும் சுடுவார்கள். குழல் வெடிக்காமல், உருளை விரியாமல், பூட்டு நெகிழாமல் இருந்தால் முத்திரை குத்துவார்கள். உல்ம் அலுவலகத்தின் முத்திரை மான்கொம்பு.

இந்த முறை ஜெர்மனிக்கு மட்டும் உரியதல்ல. ஐரோப்பியச் சோதனை விதிகளை ஒன்றுபடுத்தும் சர்வதேச ஆணையம் 1914இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் தொடங்கியது. தமிழர்களுக்கு அந்த நாட்டின் துப்பாக்கித் தொழில் முற்றிலும் அந்நியமல்ல. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் பிஸ்டல். காலனி ஆட்சி அதை யார் கையிலும் சேரவிடக் கூடாது என்று நினைத்தது. அதைச் செய்தவர்களோ அது தவறாமல் சுட வேண்டும் என்று நினைத்தார்கள். இந்த இரண்டு கவலைகளும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. துப்பாக்கியின் வரலாறு நெடுக இப்படித்தான்.

சோதனை முத்திரை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். சுடும்போது இந்தத் துப்பாக்கி சுடுபவரின் கையிலேயே வெடித்துச் சிதறாது, பாதுகாப்பாக இயங்கும் என்கிறது. ஐந்நூறு முறை சுட்ட பிறகும் இப்படியே இருக்கும் என்று சொல்வதில்லை. என் துறையில், ஒரு மென்பொருள் அதிகச் சுமையை ஒருமுறை தாங்கியது என்பதும், மூன்று ஆண்டுகள் தடங்கலில்லாமல் ஓடும் என்பதும் வெவ்வேறு சான்றிதழ்கள். துப்பாக்கி வாங்குபவர்கள் பலரும் முதல் சான்றிதழை இரண்டாவதாகப் படித்துக்கொள்கிறார்கள்.

இனி அந்தத் துப்பாக்கிக்கு வருவோம். துரிங்கியா மாநிலத்தின் ட்செல்லா மெஹ்லிஸ் பழைய துப்பாக்கித் தொழில் நகரம். இரண்டாம் உலகப் போர் முடிந்து அப்பகுதி சோவியத் ஆட்சிக்குள் போனதும் அங்கிருந்த தொழில் குடும்பங்கள் பல மேற்கே பெயர்ந்தன. வால்தர் உல்முக்கு வந்தது. வைராஹ் மெல்ரிக்ஸ்டாட்டுக்குப் போனது. 1909இல் தொடங்கி, துளையிடும் இயந்திரங்களின் பிடிப்பான்களைச் செய்துவந்த ரோஹ்ம் நிறுவனம் உல்முக்கு வடகிழக்கே பிரென்ட்ஸ் ஆற்றங்கரையிலுள்ள சோன்ட்ஹைமில் குடியேறியது. ஊரை விட்டு வந்தவர்கள் கைத்தொழிலை மட்டும் கொண்டுவந்து மீண்டும் தொடங்கிய கதை இது. நமக்கு இதன் உணர்வு புரியும்.

ரோஹ்ம் தயாரித்த சிறிய ரிவால்வர்களில் ஆர்.ஜி. என்ற எழுத்துகள் இருந்தன. 1960களில் அமெரிக்காவில் அவை மிகக் குறைந்த விலைக்கு ஏராளமாக விற்றன. தபாலில் பணம் அனுப்பினால் துப்பாக்கி வீட்டுக்கு வரும் காலம் அது.

ரிவால்வரின் விலையை எங்கே குறைக்க முடியும்? எஃகின் விலை ஒரு பகுதிதான். பெரிய செலவு பொருத்தும் வேலையில் இருக்கிறது. விசையை இழுக்கும்போது உருளை சுழன்று, ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேர் எதிரே துல்லியமாக நிற்க வேண்டும். கொஞ்சம் விலகி நின்றால் குண்டு குழலுக்குள் நுழையும்போது ஓரம் சீவப்பட்டு, ஈயத் துகள் பக்கவாட்டில் தெறிக்கும். சுத்தியலின் வில் தளர்ந்திருந்தால் தோட்டா வெடிக்காது. உடல் எஃகாக இல்லாமல் அச்சில் வார்த்த துத்தநாகக் கலவையாக இருந்தால், சுடச்சுடப் பள்ளங்கள் தேய்ந்து முதல் நாள் பொருத்தம் போய்விடும். துத்தநாகக் கலவை 400 டிகிரி செல்சியசுக்குக் கீழேயே உருகக்கூடியது. அதனால்தான் தென் கரோலினா, இல்லினாய் போன்ற மாநிலங்கள், 800 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே உருகும் வார்ப்பு உலோகத்தில் செய்த கைத்துப்பாக்கிகளை விற்கக் கூடாது என்று சட்டம் போட்டன. சமையலறைப் பாத்திரத்துக்கு வைப்பது போன்ற அளவுகோல்தான், ஆனால் வேறு அளவுகோல் அவர்களிடம் இருக்கவில்லை.

மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட 1968இல் அமெரிக்கா துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. மாநில எல்லை கடந்த தபால் விற்பனை நின்றது. சிறிய மலிவுக் கைத்துப்பாக்கிகளின் இறக்குமதியும் நின்றது. ஆனால் தடை முழுத் துப்பாக்கிக்குத்தான், உதிரி பாகங்களுக்கு இல்லை. ஆகவே மியாமியில் ஆர்.ஜி. இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம் உருவானது. ஜெர்மனியிலிருந்து பாகங்கள் வந்தன; துப்பாக்கி அங்கே பிறந்தது. இந்த இடத்தில்தான் இரண்டு சோதனைகளும் விடுபட்டன. அமெரிக்காவில் ஒவ்வொரு துப்பாக்கியையும் அரசு அலுவலகம் சுட்டுப் பார்க்கும் கட்டாயம் கிடையாது. 1972ஆம் ஆண்டின் நுகர்வோர் பொருள் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கியைத் தன் எல்லைக்கு வெளியே வைத்தது. ரொட்டி சுடும் கருவியைத் திரும்பப் பெறச் சொல்ல அந்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, ரிவால்வரைச் சொல்ல முடியாது. வாங்குபவரின் நம்பகத்தன்மையை அறிய அன்று பெரும்பாலும் அவரே நிரப்பும் ஒரு படிவம் போதுமானதாக இருந்தது.

1981 மார்ச் மாதத்தில் ஒன்பது நாள் இடைவெளியில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. மார்ச் 21 அன்று மேரிலாந்தில் ஒரு மளிகைக் கடையில் கொள்ளையடிக்க வந்தவன் கடை ஊழியரைச் சுட்டான். கையில் இருந்தது ஆர்.ஜி. ரிவால்வர். மார்ச் 30 அன்று வாஷிங்டனில் ஜான் ஹிங்க்லி, டல்லஸ் நகர அடகுக் கடையில் ஐம்பது டாலருக்கும் குறைவாக வாங்கிய ஆர்.ஜி. 14 ரிவால்வரால் அதிபர் ரீகனைச் சுட்டான். இரண்டு நொடிக்குள் ஆறு குண்டுகள். மலிவுத் துப்பாக்கி நடுவில் சிக்கும், வெடிக்காது என்பார்களே, அன்று ஆறும் வெடித்தன. உடலுக்குள் போய் வெடிக்கும் என்று விற்கப்பட்ட சிறப்புக் குண்டுகள் அவை. அவற்றில் ஒன்றுதான் அப்படி வெடித்தது. அது பத்திரிகைச் செயலர் ஜேம்ஸ் பிரேடியின் தலையில் பாய்ந்த குண்டு. 2014இல் அவர் இறந்தபோது, 33 ஆண்டுக்கு முந்தைய அந்தக் காயத்தையே காரணமாகக் கொண்டு மரணத்தைக் கொலை என்று பதிவு செய்தார்கள்.

மளிகைக் கடை ஊழியர் வழக்குத் தொடுத்தார். கெல்லி எதிர் ஆர்.ஜி. இண்டஸ்ட்ரீஸ் என்ற அந்த வழக்கில் மேரிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. குட்டைக் குழல், குறைந்த எடை, மலிவான உலோகம், மோசமான தயாரிப்பு, குறி தவறுதல், நம்பகமின்மை: இவைதாம் இவ்வகைத் துப்பாக்கியின் அடையாளங்கள் என்று நீதிமன்றம் வகுத்தது. காவலுக்கோ விளையாட்டுக்கோ அநேகமாக உதவாத பொருள், குற்றத்துக்கே வசதியானது. ஆகவே அதனால் ஏற்படும் காயத்துக்குத் தயாரிப்பாளரும் விற்பனையாளரும் பொறுப்பேற்கலாம் என்றது. நிறுவனத்தின் விற்பனையாளர் ஒருவர் சொன்னதாக முன்வைக்கப்பட்ட பேச்சும் தீர்ப்பில் இடம்பெற்றது. ஏழைக் கறுப்பினத்தவர் குடியிருப்புக்குப் பக்கத்தில் கடை இருந்தால் இது நன்றாக விற்கும் என்றாராம். நன்றாக விற்றாலும் உபயோகமற்றது, அதைச் சுடத் தனக்கே பயம் என்றும் சொன்னாராம்.

தான் தொட அஞ்சும் பொருளை யாருக்கு விற்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வாங்கியவர்கள் எல்லோரும் குற்றவாளிகள் அல்லர். காவல்துறை அழைத்தாலும் வராத தெருக்களில், இரவு வேலை முடிந்து தனியாகத் திரும்புபவர்களும் சிறு கடை வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். அவர்களால் வால்தர் வாங்க முடியாது. மலிவுத் துப்பாக்கியைத் தடை செய்வது ஏழையை மட்டும் நிராயுதபாணி ஆக்கும் என்ற வாதம் அமெரிக்காவில் இன்றும் உண்டு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த ஏழைக்கு விற்கப்பட்டது பாதுகாப்பா, பாதுகாப்பின் தோற்றமா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். மேசை இழுப்பறையில் பத்து ஆண்டு கிடந்த ரிவால்வரின் வில் தளர்ந்துவிட்டதை உரிமையாளர் அறியும் முதல் இரவு, அவருக்குக் கடைசி இரவாக இருக்கலாம்.

ஆர்.ஜி. இண்டஸ்ட்ரீஸ் 1986இல் மூடப்பட்டது. ஆனால் தீர்ப்பின் வழியில் மற்ற நீதிமன்றங்கள் போகவில்லை. ரீகனோடு சுடப்பட்ட காவலர் தாமஸ் டெலஹான்டியின் கோரிக்கையை வாஷிங்டன் நீதிமன்றம் 1989இல் ஏற்கவில்லை. மேரிலாந்து சட்டமன்றம் 1988இல் தயாரிப்பாளர் மீதான அந்தப் பொறுப்பை நீக்கிவிட்டு, விற்கத் தகுந்த கைத்துப்பாக்கிகளின் பட்டியலைத் தயாரிக்க ஒரு வாரியம் அமைத்தது. மக்கள் வாக்கெடுப்பில் அது நிலைத்தது. 2005இல் அமெரிக்க நாடாளுமன்றம், குற்றத்தில் பயன்பட்ட துப்பாக்கிக்காகத் தயாரிப்பாளர் மீது வழக்குப் போடுவதைப் பெரும்பாலும் தடுத்துவிட்டது. இதற்கிடையே, இறக்குமதித் தடை காலியாக்கிய சந்தையில் 1970 முதலே தெற்குக் கலிபோர்னியாவின் ரேவன் போன்ற உள்ளூர் நிறுவனங்கள் துத்தநாகக் கலவைப் பிஸ்டல்களோடு நுழைந்திருந்தன.

நம்பகத்தன்மையை எண்ணிக்கையாக எழுதியது அதே கலிபோர்னியாதான். 2001 முதல் அங்கே புதிய கைத்துப்பாக்கி விற்க வேண்டுமானால், அந்த வகையில் மூன்று துப்பாக்கிகளை ஒவ்வொன்றும் 600 முறை சுட்டுப் பார்க்க வேண்டும். முதல் 20 முறையும் தடங்கல் கூடாது, மொத்தத்தில் ஆறு தடங்கலுக்கு மேல் கூடாது. கீழே விழுந்தால் தானாக வெடிக்கக் கூடாது. ஜெர்மன் முத்திரை சொல்லாததை இந்தச் சோதனை சொல்கிறது. ஆனால் இதுவும் துப்பாக்கியைத்தான் சோதிக்கிறது.

ஜெர்மனியில் இன்று கைத்துப்பாக்கி வாங்க விரும்பும் விளையாட்டு வீரர் சங்கத்தில் குறைந்தது பன்னிரண்டு மாதம் தொடர்ந்து பயிற்சி எடுத்திருக்க வேண்டும். தேர்வு எழுத வேண்டும். இரும்புப் பெட்டி காட்ட வேண்டும். 2002இல் எர்ஃபுர்ட், 2009இல் வின்னென்டன் பள்ளிப் படுகொலைகளுக்குப் பிறகு விதிகள் இறுகின. இவ்வளவுக்கும் பிறகு கைக்கு வரும் துப்பாக்கி மலிவாக இருந்து சிக்கினால், போட்டியில் சில புள்ளிகள் போகும், இரண்டு ஆண்டுப் பொறுப்புக் காலத்துக்குள் கடைக்காரரிடம் கொண்டுபோகலாம். பழுதின் விலை அவ்வளவுதான்.

ரோஹ்ம் என்ற பெயரும் மறையவில்லை. சோன்ட்ஹைம் நிறுவனம் இன்றும் பிடிப்பான்கள் செய்கிறது. துப்பாக்கிப் பிரிவு 2010இல் ஆர்ன்ஸ்பெர்க்கின் ஊமரெக்ஸ் நிறுவனத்துக்குப் போனது. சத்தமும் வாயுவும் மட்டும் வரும் அச்சுறுத்தல் துப்பாக்கிகள் அந்தப் பெயரில் விற்கின்றன. பதினெட்டு வயதானவர்கள் வாங்கலாம், வெளியே கொண்டுபோகச் சிறிய ஆயுத உரிமம் வேண்டும். 2015 புத்தாண்டு இரவில் கொலோனில் நடந்தவற்றுக்குப் பிறகு அந்த உரிமத்துக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. வீட்டில் நகை வைத்திருக்கும் நம்மவர்கள் மத்தியிலும், ‘ஒன்று வாங்கி வைத்தால் என்ன’ என்ற பேச்சை நான் கேட்டிருக்கிறேன். அச்சத்துக்கு மலிவான மருந்து தேடுவது அமெரிக்க ஏழைகளின் வழக்கம் மட்டுமல்ல. பார்ப்பதற்கு நிஜம் போலவே இருக்கும் அந்தப் பொருளை நீட்டினால், எதிரே நிற்பவரோ காவலரோ அதை நிஜமென்று நம்பி நடந்துகொள்ளக்கூடும்.

மலிவுத் துப்பாக்கியின் உரிமையாளர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லும்போது, எத்தனை முறை சிக்கியது என்று கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கு உரிமையாளருக்குத்தான் பொருந்தும். துப்பாக்கிக்கு எதிரே நின்ற மளிகைக் கடை ஊழியருக்கும் ஜேம்ஸ் பிரேடிக்கும் அது ஒரே ஒருமுறை சுட்டால் போதுமானதாக இருந்தது. ஆர்.ஜி. ரிவால்வரின் மோசமான தயாரிப்பு அவர்கள் இருவரையும் காப்பாற்றவில்லை. நீதிமன்றம் பழுதைப் பற்றிப் பேசியது. சட்டமன்றங்கள் உருகுநிலையையும் தடங்கல்களையும் அளந்தன. சுடுபவரைப் பற்றிய கேள்வியை ஜெர்மன் சட்டம் தன் எல்லைக்குள் கேட்டுக்கொண்டது. சோன்ட்ஹைமிலிருந்து மியாமிக்குப் போன பெட்டிகளோடு அந்தக் கேள்வி பயணப்படவில்லை.