ராஜாபாய் கோபுரமும் ஓர் அரைமணி நேரப் பிணக்கும்

1881 டிசம்பர் முதல் நாள் தொட்டு பம்பாயின் அரசு அலுவலகங்கள் அனைத்தும் சென்னை நேரப்படி இயங்க வேண்டும் என்று ஆளுநர் ஜேம்ஸ் பெர்குசன் ஆணையிட்டார். நகரின் மிக உயரமான கடிகாரம் அந்த ஆணைக்குப் பணியவில்லை. அது பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரத்தில் இருந்தது. கடிகாரம் எந்த நேரத்தைக் காட்டுவது என்பதைப் பல்கலைக்கழகப் பேரவையே முடிவு செய்யும் நிலை. பேரவையோ பம்பாய் நேரத்தையே காட்டட்டும் என்றது. பல்கலைக்கழகத்தின் வேந்தர் அதே ஆளுநர்தான் என்பது இதிலுள்ள சுவை.

கோபுரத்தின் பிறப்பே பருத்தியோடு பின்னியது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் லங்காஷயருக்கு அமெரிக்கப் பஞ்சு வருவது தடைப்பட, பம்பாயில் பணம் பெருக்கெடுத்தது. அந்த வெள்ளத்தில் மிதந்தவர் பிரேம்சந்த் ராய்சந்த். நூலகத்திற்கு இரண்டு லட்சம், கோபுரத்திற்கு இரண்டு லட்சம் என நன்கொடை அளித்து, கோபுரத்திற்குத் தம் தாயார் ராஜாபாயின் பெயரை இடச் சொன்னார். 1865-இல் போர் முடிந்ததும் பங்குச் சந்தை சரிந்து அவரும் நொடித்துப் போனார். எனினும் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட்டின் வரைபடப்படி 280 அடி உயரக் கோபுரம் 1878 நவம்பரில் எழுந்து முடிந்தது. பார்வையற்ற தாய் சூரியன் மறையுமுன் உண்பதற்காக மணியோசையை ஏற்படுத்தினார் என்ற கதை நகரில் வழங்குகிறது. அழகான கதை, வரலாற்றுச் சான்றாகக் கொள்ளத்தக்கதன்று.

இனி அந்த அரைமணி நேரம். ஒவ்வோர் ஊரும் தன் உச்சிப் பொழுதைத் தன் சூரியனைக் கொண்டு கணித்த காலம் அது. பம்பாய் கிரீன்விச்சுக்கு 4 மணி 51 நிமிடம் முந்தியது; சென்னை 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் நிறுவப்பட்ட வானாய்வகத்தின் தீர்க்க ரேகையை ஜான் கோல்டிங்ஹாம் 1802-இல் கணித்தார். சென்னை நேரத்திற்கு அதுவே அடிப்படை. கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் இடைப்பட்டு நின்றதால் 1870 முதல் ரயில்வே அதனை நாடெங்கும் பின்பற்றியது. ரயில்வேக்கு அது வசதி. பம்பாய்வாசிக்கோ அது வேறோர் ஊரின் நண்பகல். இங்கிலாந்திலேயே கிரீன்விச் நேரம் நாடு முழுமைக்கும் சட்டமானது 1880-இல்தான் என்பதையும் இங்கே மறந்துவிடலாகாது.

பேரவை மசியாதபோது, சென்னை நேரத்தைக் காட்டாத கடிகாரத்திற்கு இரவில் விளக்கேற்றும் செலவை ஏற்க அரசு மறுத்தது. பெரும் பேரரசு ஒன்று விளக்குச் செலவைக் கொண்டு வாதிட்டது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் மானியத்தை நிறுத்தித் தன்னாட்சியைப் பணிய வைக்கும் முறைக்கு இதனை ஒரு தொடக்கக்கால எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதனை வெள்ளையர்–இந்தியர் மோதலாக மட்டும் படிப்பதும் பிழை. பேரவையில் ஐரோப்பியரும் இருந்தனர். ஐரோப்பிய வணிகரிடையேயும் ஆணைக்கு வரவேற்பில்லை. இறுதியில் 1883-இல் அரசு ஆணையைத் திரும்பப் பெற்றது.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து அதே பூசல் வேறு முகத்தோடு திரும்பியது. 82½ பாகைத் தீர்க்க ரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியத் திட்ட நேரம் 1906 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பம்பாய்க்கும் அதற்கும் 39 நிமிட இடைவெளி. வங்கப் பிரிவினைக்குப் பிந்தைய மாதங்கள் அவை; அரசின் எந்த ஆணையும் ஐயத்தோடு பார்க்கப்பட்டது. அம்மாதமே ஆயிரக்கணக்கான ஆலைத் தொழிலாளர்கள் தறிகளை நிறுத்தி ஆலைகள் மீது கல்லெறிந்தனர். நகரில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு மனுக்களில் கையெழுத்திட்டனர்.

மனு எழுதியோரின் தன்மான உணர்வும் கல்லெறிந்தோரின் சினமும் ஒன்றல்ல. ஜனவரியில் பம்பாயில் கதிர் எழுவது பழைய நேரப்படி ஏறத்தாழ 6.35 மணிக்கு. புதிய நேரப்படி ஆறு மணிக்குச் சங்கு ஊதினால், பழைய கணக்கில் அது 5.21, விடியலுக்கு ஒரு மணி நேரத்திற்கும் மேல் இருக்கிறது. மின்விளக்குகள் ஆலைகளுக்குள் நுழைந்து வேலை நேரம் நீண்டுகொண்டிருந்த ஆண்டுகள் அவை. பேரவை உறுப்பினர்க்குக் கடிகாரம் உரிமையின் சின்னம். நெசவாளிக்கு அது இழந்த உறக்கம். இப்பொருள் பற்றிய ஆய்வுகளில் முன்னதற்குக் கிடைக்கும் இடம் பின்னதற்குக் கிடைப்பதில்லை. மனுக்கள் ஆவணக் காப்பகத்தில் தங்குகின்றன, உறக்கம் தங்குவதில்லை.

மாநகராட்சி தன் கடிகாரங்களைப் பம்பாய் நேரத்திலேயே வைத்துக்கொண்டது. ஆகவே விக்டோரியா முனையத்தில் ரயிலைவிட்டு இறங்கிய பயணி, சற்றுத் தொலைவே உள்ள கிராபோர்டு சந்தைக்கு நடந்து சென்றால், புறப்பட்ட நேரத்திற்கு அரைமணிக்கும் முன்னதாகவே போய்ச் சேர்ந்திருப்பார். கல்கத்தா தன் தனி நேரத்தை 1948-இல் கைவிட்டது. பம்பாய் மாநகராட்சியின் முட்கள் 39 நிமிடம் முன்னகர 1950-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.