ஏர் ரைபிள் துல்லியம் (ஐதராபாத்)

ஏர் ரைபிள் என்பது 10 மீட்டர் தொலைவிலுள்ள குறியை, அடைத்து வைத்த காற்றின் விசையால் சுடும் போட்டித் துப்பாக்கி. குண்டின் விட்டம் 4.5 மி.மீ.; துப்பாக்கியின் எடை 5.5 கிலோவைத் தாண்டக்கூடாது. குறியின் நடுப்புள்ளி அரை மி.மீ. அகலமே உடையது. இந்தியாவில் இவ்விளையாட்டில் பெயர் பெற்ற ஊர்களுள் ஐதராபாத் ஒன்று.

வரலாறு: இவ்வூரின் படைக்கலத் தொழிலில் முதன்மையாகக் குறிக்கத்தக்கவர் நிஜாமிடம் பணியாற்றிய பிரெஞ்சுத் தளபதி ரேமோன். 1786இல் பதே மைதானம் அருகே அவர் பீரங்கி வார்ப்பாலை அமைத்தார். கன் ஃபவுண்ட்ரி என்னும் பகுதி இன்றும் அங்கேதான் இருக்கிறது. 1798 மார்ச் 25 அன்று அவர் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஆங்கிலேயர் அவரது படையைக் கலைத்தனர். அக்காலப் பீரங்கிகளின் உட்குழல் வழவழப்பானது. குண்டு அதில் தட்டித் தடுமாறியே வெளியேறும். திருகுவரிப் பள்ளம் வெட்டிய குழலோ குண்டைச் சுழற்றி விட்டு நேராகச் செலுத்தும். ஐரோப்பியக் கைவினைஞர் 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதைக் கையாண்டனர். காரணத்தைப் பின்னர் விளக்கி எழுதியவர் பெஞ்சமின் ராபின்ஸ். ரேமோன் பீரங்கி வார்த்துக்கொண்டிருந்த நாட்களில் ஆஸ்திரியப் படையிடம் ஜிரார்டோனி என்னும் காற்றுத் துப்பாக்கியும் இருந்தது. போட்டித் துப்பாக்கியின் திருப்பம் 1961இல் வந்தது: சுருள்வில் விசையின் உதைப்பைச் சறுக்கு அமைப்பால் விழுங்கும் ஃபைன்வெர்க்பாவ் 150 துப்பாக்கி. ஒலிம்பிக்கில் இப்பிரிவு 1984இல் இடம்பெற்றது.

துல்லியம்: இன்றைய துப்பாக்கிகளில் சுமார் 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பிய உருளை உண்டு; சீராக்கி ஒவ்வொரு முறையும் ஒரே அளவு காற்றை விடுகிறது. குண்டின் வேகம் நொடிக்கு 170 மீட்டர் அளவே. ஆகவே விசை இழுத்த பிறகும் குண்டு சற்று நேரம் குழலுக்குள்ளேயே இருக்கும். அதற்குள் தோள் அசைந்தால் பலன் கெடும். ஒரே வகைக் குண்டிலும் ஆலைத் தொகுதிக்குத் தொகுதி, தலைவிட்டத்தில் நூறில் ஒரு மி.மீ. வேறுபாடு இருக்கும். அதனால் துப்பாக்கியைப் பிடிகருவியில் இறுக்கி, பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, மிக நெருக்கமாக விழும் தொகுதியை மொத்தமாக வாங்குவர். அடுத்தது உடல் பொருத்தம்: கன்னத் தாங்கி, தோள் தட்டு, பிடி, முனை எடை ஆகியவை ஒருவருக்கென்றே அமைக்கப்படுகின்றன. குழலையும் கட்டையையும் இணைக்கும் திருகுகளின் இறுக்கமும் மாறாதிருக்க வேண்டும். விலையுயர்ந்த துப்பாக்கியே வெற்றி தரும் என்பது விற்பனையாளர் பேச்சு; குண்டுத் தேர்வும் பொருத்தமுமே பெரும்பங்கு தருகின்றன. தொலைநோக்கிக்குப் போட்டியில் அனுமதியில்லை, துளைப்பார்வையே விதி.

சான்று: சென்னையில் பிறந்து ஐதராபாத்தில் வளர்ந்த சுடுநர் ககன் நாரங், 2003இல் ஐதராபாத்தில் நடந்த ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். 2012 ஜூலை 30 அன்று லண்டன் ஒலிம்பிக்கில் 701.1 புள்ளிகளுடன் வெண்கலம் பெற்றார். வெள்ளி வென்ற இத்தாலியின் கம்ப்ரியானி 701.5; தங்கம் வென்ற ருமேனியாவின் மோல்டொவேனு 702.1. குறியில் 0.1 புள்ளி என்பது கால் மி.மீ. அப்படியானால் பத்து இறுதிச் சுடுதல்களிலும் சேர்த்து ஒரு மி.மீ. உட்புறம் விழுந்திருந்தால் வெள்ளிக்குரிய புள்ளியைத் தொட்டிருப்பார்.

தற்போது: கச்சிபவுலியில் சுடுதளம் உண்டு. நகரைச் சேர்ந்த ஈஷா சிங் கைத்துப்பாக்கிப் பிரிவில் ஆசிய விளையாட்டுப் பதக்கங்கள் பெற்றுள்ளார்.